கச்சான் கட்டுரையும் அம்மப்பாவின் பெயரும்

சீசா, பலெர்மோ, இத்தாலி
8 நவம்பர் 2015, ஞாயிறு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய விக்னராஜா மாமாவுக்கு,

மருமகள் பிரேமினி வணக்கத்துடன் எழுதுவது. கடிதத்தின் முதல் வரியில் எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் எனச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். உண்மை அல்லாததை எழுதக்கூடாது என்றும் அதே பள்ளியில்தான் சொல்லித் தந்தார்கள். இரண்டையும் ஒரே வரியில் செய்ய எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு இடுப்புவலி. அம்மா என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தத்தைக் கொண்டு நானாக விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றபடி நலம். நீங்களும் குகனேஸ்வரி மாமியும் மலாவியில் மின்சாரம் உள்ள நேரங்களிலாவது நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் உங்கள் மாணவி சிசோமோ அக்காவுடன் கச்சான் விளையும் கிராமங்களுக்குப் போயிருப்பதாகவும், அங்கே தொலைபேசி எடுக்காது என்றும் மாமி சொன்னார். ஒருவகையில் எனக்கு அது ஆறுதல். நடந்ததையெல்லாம் உங்கள் குரல் குறுக்கே வராமல் முதலிலிருந்து எழுதலாம். கையால் எழுதி, படம் பிடித்து, மின்னஞ்சலில் அனுப்புவேன். திரும்பி வந்ததும் வாசியுங்கள். இருந்துகொண்டு வாசியுங்கள்.

ஓகஸ்ட் மாதம் நீங்கள் வைபரில் எடுத்தது நினைவிருக்கும். “பிள்ளை, உன்னாலை எனக்கு ஒரு உதவி. உங்கடை ஊர் யூனிவர்சிற்றி லைப்ரரியிலை என்ரை பேப்பர் ஒண்டை எடுத்துத் தர ஏலுமோ?” என்று கேட்டீர்கள். “உங்கடை பேப்பரோ மாமா? நீங்கள் எழுதினதோ?” என்று நான் கேட்டேன். “ஓம், நான் எழுதினதுதான். அதை வாசிக்க என்னட்டையே காசு கேக்கிறாங்கள்” என்றீர்கள். நீங்கள் பகிடி விடுகிறீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். மறுபக்கத்தில் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னீர்கள். கச்சானில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படிக் காயவைத்துச் சேமிப்பது என்று மலாவிக் குடியானவர்களின் களஞ்சியங்களில் நின்று நீங்களும் சிசோமோ அக்காவும் ஆராய்ந்த கட்டுரை, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. அந்த இதழுக்குச் சந்தா கட்ட உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வசதியில்லை. உங்களிடம் இருந்த பிரதியோ மின்னல் விழுந்து கணினியோடு எரிந்துவிட்டது. இப்போது பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி உலகத்தின் கண்ணுக்குத் தெரிகிறதா, யாராவது அதை வாசித்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று காட்டினால்தான் ஒப்பந்தத்தை நீடிப்பார்களாம். ஒப்பந்தம் இல்லையென்றால் விசா இல்லை.  பின்னாலிருந்து மாமி, “இந்த வயசிலை இனி எந்த நாட்டுக்கெண்டு போறது” என்றார். அது எனக்குக் கேட்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

மலாவிக் கச்சானைப் பற்றி மலாவியில் எழுதப்பட்ட ஒன்றை மலாவியைத் தவிர மற்ற இடங்களில் வாசிக்கலாம் என்பதை அன்று இரவு இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். நீங்கள் கேட்ட பேப்பரை அம்மா தவறாக விளங்கிக்கொண்டதில்தான் முதல் சிக்கல் தொடங்கியது. அம்மா சமையலறையில் நின்று பாதிக் கதையைத்தான் கேட்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழக்கம்போலப் பலெர்மோவின் காவல் புனிதர் சந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறினோம். நாங்கள் சைவமென்றாலும் இந்த ஊரில் அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பாதி வழியில் றோசமலர் அன்ரியைக் கண்டதும் அம்மா, “அண்ணாவுக்குப் பேப்பர் கிடைக்கேல்லையாம். பேப்பர் வந்தால் செருப்பில்லாமல் ஏறுறன் எண்டு நேர்ந்திருக்கிறன்” என்று கண்கலங்கிவிட்டார். மாமா, பலெர்மோவில் எங்கள் ஆட்களிடம் பேப்பர் என்றால் அது ஒன்றே ஒன்றுதான்: குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் தரும் வதிவிட அனுமதி. நாங்கள் மலையிலிருந்து இறங்குவதற்குள் நீங்கள் மலாவியில் பேப்பர் இல்லாமல் ஒளிந்து வாழ்கிறீர்கள் என்ற செய்தி எங்களுக்கு முன்னமே இறங்கியிருந்தது. அன்று மாலை மூன்று பேர் வழக்கறிஞர் பெயரோடு வீட்டுக்கு வந்தார்கள். றோசமலர் அன்ரி ஒரு பை நிறைய உங்களுக்குக் குளிர் உடுப்புக் கொண்டுவந்தார். நான் எழுந்து நின்று, “அது ஆராய்ச்சிக் கட்டுரை” என்று விளக்கினேன். அன்ரி என் தலையைத் தடவி, “ஓம் பிள்ளை, வெளியிலை அப்பிடியே சொல்லு” என்றார்.

பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்பாதான் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ஸ்ரனிஸ்லாஸ் அங்கிளின் கடையில் கறிவேப்பிலை வாங்க வரும் ஸ்ரீகாந்த் அண்ணாவைப் பிடித்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இரசாயனத்தில் ஆய்வு செய்கிறவர், நல்ல மனிதர். ஆனால் அவருடைய தமிழும் எங்களுடைய தமிழும் சந்தித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. “மாமா கச்சானைப் பற்றி எழுதினவர்” என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நெடுநேரம் தேடினார். கடைசியில், “காத்தைப் பத்தி இவர் ஒண்ணுமே எழுதலையேம்மா” என்றார். எங்கள் ஆள் யாரோ ஒருவர் அவருக்குக் ஊரில் வீசும் கச்சான் காற்றைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறார். “காத்தில்லை அண்ணா. தோலுடைச்சுச் சாப்பிடுறது” என்றேன். “வேர்க்கடலைன்னு சொல்லக் கூடாதா” என்று மறுபடியும் முதலிலிருந்து தேடினார்.

கட்டுரை இருந்தது. அதன்மேல் பூட்டுப் படமும் இருந்தது. அவருடைய பல்கலைக்கழகமும் அந்த இதழை வாங்குவதில்லை. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்பதை விளக்கினார். ஆய்விதழ் தன் அச்சுப் பிரதியைப் பூட்டி வைத்தாலும், எழுதியவர் தன் கைப்பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப் பல இதழ்கள் இடம் கொடுக்கும். உங்கள் இதழும் ஒரு வருடம் கழிந்தால் அனுமதிக்கிறது, அது கழிந்துவிட்டது. அப்படி வைத்தால் உலகத்தில் யாரும் காசில்லாமல் வாசிக்கலாம். திறந்த அணுக்கம் என்று நான் அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். கச்சானுக்கும் களஞ்சியம், கட்டுரைக்கும் களஞ்சியம் என்பது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. கைப்பிரதிக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான், முன்பு ஒருமுறை நீங்கள் ‘பத்திரமாய் வை’ என்று அம்மாவின் மின்னஞ்சலுக்கு ஏதோ அனுப்பியதை அப்பா நினைவுபடுத்தினார். அம்மா பத்திரமாகத்தான் வைத்திருந்தார். திறக்கவே இல்லை. பல்பொருள் அங்காடியின் தள்ளுபடி அறிவித்தல்களுக்கு நடுவில் உங்கள் கட்டுரை முழுதாக இருந்தது. உங்களிடம் கேட்டு, நீங்கள் “போடு பிள்ளை, போடு” என்று சொன்ன பிறகு, செப்டெம்பரில் நானும் ஸ்ரீகாந்த் அண்ணாவும் அதை ஏற்றினோம். களஞ்சியம் சிசோமோ அக்காவுக்கும் தானாகவே ஒரு மடல் அனுப்பியது. அன்று இரவு நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு அந்தச் சொல் இந்தக் கடிதத்தில் வராது.

அப்பா அந்த மகிழ்ச்சியில் அங்கிளின் கடையில் போய், “திறந்தாச்சு. இனி ஆபிரிக்காவிலை இருந்தும் ஒரு சதம் இல்லாமல் எல்லாரும் உள்ளுக்கு வரலாம், என்ரை மகள்தான் போட்டவள்” என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள் தன் மைத்துனரின் கடவுச்சீட்டுப் பிரதியோடு எங்கள் கதவைத் தட்டினார். ஆட்களை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் வழியில் கைவிட்டதால் அந்த மைத்துனர் டோகோவில் நிற்கிறார். “பிள்ளை, இவனுக்கும் ஒண்டைப் போட்டுவிடு” என்றார். இது ஆட்களுக்கல்ல, கட்டுரைகளுக்கு மட்டும் என்றேன். “அப்ப அவனைக் கட்டுரை எழுதச் சொல்லுறன். என்னத்தைப் பற்றி எழுத வேணும்?” என்று கேட்டார். அவர் பகிடி விடவில்லை, மாமா. நான் அன்று பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒரு பக்கமும் திருப்பாமல் இருந்தேன்.

இனிப் பெயர் விடயம். உங்கள் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஓர் இணையத்தளம் கணக்குக் காட்டும். குழுவுக்கு அதைத்தான் காட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஸ்ரீகாந்த் அண்ணா ‘எம். விக்னராஜா’ என்று போட்டுப் பார்த்தார். உங்கள் பெயரில் ஒரே ஒரு பழைய கட்டுரைதான் இருந்தது. அதையும் யாரும் தொட்டிருக்கவில்லை. “உங்க மாமாவுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா” என்றார். பிறகு, “ஆனா இதே துறையில மார்க்கண்டுன்னு ஒருத்தர் இருக்காரு. பெரிய ஆள் போல. கென்யாவுல, பிரேசில்ல எல்லாம் இவரைத்தான் மேற்கோள் காட்டுறாங்க. யாருன்னு தெரியுமா?”

“தெரியும். அவர் என்ரை அம்மப்பா.”

“அவரும் இதே ஆராய்ச்சியா? எந்த யூனிவர்சிட்டி?”

“கோண்டாவில் டிப்போவிலை பஸ் ஓடினவர். நான் பிறக்க முன்னமே செத்துப்போனார்.”

ஸ்ரீகாந்த் அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் போட்டுக்கொண்டார்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இதுதான் நடந்திருக்கிறது. எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். கேட்கிற படிவத்துக்கோ குடும்பப் பெயர் இல்லாமல் பசி தீராது. அதனால் பள்ளிப் பெயர் இடாப்பில் அப்பாவின் பெயரால் நான் சதீஸ்குமார். கணித ஆசிரியை “சதீஸ்குமார், கரும்பலகைக்கு வா” என்றால் நான் எழும்பிப் போகிறேன். அம்மாவின் வதிவிட அனுமதியில் குடும்பப் பெயர் மார்க்கண்டு என்றிருப்பதால் வேலைவீட்டு எசமானியான சிஞ்ஞோரா “மார்க்கண்டு, யன்னலைத் துடை” என்றுதான் சொல்வார். நீங்களும் ஆய்விதழின் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நேர்மையாக அம்மப்பாவின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். முதல் கட்டுரையைத் தவிர உங்கள் வாழ்நாள் உழைப்பு முழுவதும் ‘வி. மார்க்கண்டு’ என்பவருக்குப் போய்விட்டது. கட்டுரையைத் தலைப்பால் தேடி ஏற்றியபோது எழுதியவர்களின் பெயர்களைக் களஞ்சியமே நிரப்பிக்கொண்டதால் நாங்கள் இதைக் கவனிக்கவில்லை. சிசோமோ அக்காவுக்கு நேர்மாறு. அவருடைய குடும்பப் பெயரான பிரி மலாவியில் எக்கச்சக்கமாக இருப்பதால், அவர் கச்சானோடு இருதய அறுவைச் சிகிச்சையும் பாலம் கட்டுதலும் செய்வதாக அந்தத் தளம் சொல்கிறது.

நான் அந்தத் தளத்துக்கு மடல் எழுதினேன். ஸ்ரீகாந்த் அண்ணாவிடம் கேட்காமல் எழுதியது என் குற்றம். இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கும்படி கேட்டேன். மார்க்கண்டுவும் விக்னராஜாவும் ஒரே ஆள்தானா, உறுதி செய்யவும் என்று மறுமொழி வந்தது. மாமா, நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அவர்கள் ஒரே ஆள் இல்லையே. ஆகவே என்னால் இயன்ற நல்ல ஆங்கிலத்தில், மார்க்கண்டு என்பவர் விக்னராஜாவின் தகப்பனார் என்றும், அவர் பேருந்துச் சாரதியாக இருந்து, முதலாவது கட்டுரை வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார் என்றும், ஆகவே அவருடைய கட்டுரைகள் அனைத்தையும் மகனுக்குக் கொடுத்துவிடும்படியும் எழுதி, முழுப்பெயரும் போட்டு அனுப்பினேன்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. டாக்டர் மார்க்கண்டு அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். கட்டுரைகளை வாரிசுகளின் பெயருக்கு மாற்றும் வழக்கம் தங்களிடம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். இப்போது அம்மப்பாவின் பக்கத்தில் பெயருக்குக் கீழே ‘காலமானார்’ என்று போட்டிருக்கிறது. அவர் போய் இத்தனை வருடத்துக்குப் பிறகு, பிரேசிலில் இருந்து யாரோ ஒருவர் அதன் கீழே இரங்கல் எழுதியிருக்கிறார். பூஞ்சண ஆராய்ச்சிக்குப் பேரிழப்பாம்.

ஸ்ரீகாந்த் அண்ணாவிடம் காட்டினேன். அவர் மடலை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, “ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேம்மா” என்றார். அம்மாவிடமும் சொன்னேன். “என்ரை அப்பாவை ரெண்டாம் முறை சாகக் குடுத்தது காணாதெண்டு, அண்ணான்ரை வேலையையும் குடுத்துப்போட்டாய்” என்றார். அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது.  குழு கூடும் நாளில் உங்கள் பெயரில் காட்ட ஒன்றுமில்லாமல் போனது என்னால்தான். திருத்திக் கேட்டு இன்னொரு மடலும் அனுப்பினேன். கடவுச்சீட்டுப் பிரதி வேண்டும், பார்த்து முடிக்கப் பல வாரங்கள் எடுக்கும் என்று வந்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் முடியும் டிசம்பருக்குள் அது நடக்காது.

ஆகவே நாங்கள் மூவரும் சேர்ந்து எடுத்த முடிவை எழுதுகிறேன். அம்மா இந்தக் கூட்டத்தில் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே கதைத்தார். குழுவிடம் இனிக் கெஞ்ச வேண்டாம். சாமான்களைக் கட்டுங்கள். இங்கே வந்துவிடுங்கள். அப்பாவின் முதலாளிக்குத் தெரிந்த வயதுபோன சிஞ்ஞோர் ஒருவர் பிரான்காச்சோவில் தனியே இருக்கிறார். அவரோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. “அண்ணை படிச்சவர், மனுசனுக்கு மருந்துப் பேரெல்லாம் வாசிச்சுக் குடுப்பார்” என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார். பேப்பர் பற்றி, அதாவது எங்கள் ஊர்ப் பேப்பர் பற்றி, றோசமலர் அன்ரியின் வழக்கறிஞரைக் கேட்கலாம். நீங்களும் மாமியும் என் அறையில் படுக்கலாம். என் மேசையைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டேன். அங்கே வெளிச்சம் நல்லது. அன்ரி தந்த குளிர் உடுப்பும் உங்களுக்கு அளவாகத்தான் இருக்கும் போலத் தெரிகிறது.

என்னை மன்னிக்கும்படி கேட்கமாட்டேன். அது உங்களுக்கு இன்னொரு வேலை. மாமிக்கும் சிசோமோ அக்காவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். அப்பா தன் வணக்கத்தை எழுதச் சொன்னார். அம்மா எதையும் எழுதச் சொல்லவில்லை, ஆனால் நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்ததும் கோப்பையைக் கொஞ்சம் மெதுவாக வைத்தார். அதை அவருடைய அன்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையாரும் சந்தா ரொசாலியாவும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டு உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மருமகள்
பிரேமினி
(பள்ளியில் சதீஸ்குமார்)

பி.கு.: புதன்கிழமை. படம் எடுத்து அனுப்பப் போன நேரத்தில் மாமி வைபரில் வந்தார். மேலே எழுதியதில் எதையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். சாமான்களைக் கட்ட வேண்டாம். கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

நேற்று உங்கள் பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் இரண்டு கடிதங்களை ஒன்றாகக் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்திருக்கிறார். ஒன்று டாக்டர் எம். விக்னராஜாவுக்கு: உங்கள் ஆராய்ச்சி யார் கண்ணிலும் படவில்லை, ஆகவே ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, சேவைக்கு நன்றி. மற்றது டாக்டர் வி. மார்க்கண்டுவுக்கு. சிசோமோ அக்கா களஞ்சியத்திலிருந்து கட்டுரையை இறக்கி, சிச்சேவா மொழியில் சுருக்கி எழுதி, விவசாய அலுவலகச் சுவர்களில் ஒட்டியிருக்கிறார். அவர் இதை உங்களிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் போலிருக்கிறது. குழுவில் இருந்த வெளி உறுப்பினர் ஒருவர் ஊருக்குப் போன இடத்தில், மார்க்கண்டுவின் பெயர் போட்ட அந்தத் தாளைப் பார்த்துத் தன் தங்கையே களஞ்சியத்தில் கச்சானைச் சேமித்திருந்ததைக் கண்டாராம். ஆகவே டாக்டர் விக்னராஜா விட்டுச் செல்லும் இடத்தைப் பேராசிரியராக ஏற்று நிரப்பும்படி டாக்டர் மார்க்கண்டுவைக் குழு ஒருமனதாக அழைக்கிறது. கட்டுரையில் உள்ள முகவரி அதே பீடத்தினுடையதாக இருந்தும் இதுவரை அவரைச் சந்திக்கும் பேறு கிடைக்காததற்கு வருந்துகிறார்களாம்.

மாமி வாசித்து முடித்ததும் அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். “அப்பா இஞ்சை சிஞ்ஞோரா வீட்டிலை நிலம் துடைக்கிறார், அங்கை புறொபெசர். செத்தும் அந்த மனுசனுக்கு ஓய்வில்லை” என்றார். சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்து, “சாப்பிட்டனியோ?” என்று கேட்டார்.

உங்கள் கடவுச்சீட்டில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு உடனே போய் ஒப்பமிடுங்கள். அதன் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், அந்தத் தளத்துக்குக் கொடுக்க. எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அம்மப்பா காலமானார் என்று போட்டிருக்கும் அந்த ஒரு பக்கத்தை மட்டும், நீங்கள் ஒப்பமிடும் வரை குழுவில் யாரும் திறக்காமல் இருந்தால் நல்லது.

ஒப்பமிடப் போகும் கூட்டத்தில் “டாக்டர் மார்க்கண்டு” என்று கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம், மாமா. பின்னால் அவர் நிற்கமாட்டார். கையை உயர்த்துங்கள், போதும். முதலாம் வகுப்பிலிருந்து நான் அப்படித்தான் செய்கிறேன்.